சேற்றுக்காலோடு ராமநாதபுரம் கடற்கரை: நடக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

தை பிறந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். மதுரையில் இருந்து, சென்னையில் இருந்து, எப்போதோ கூடப் படித்தவனின் மச்சானிடம் இருந்து. "மழை விட்டிருச்சா? நடக்கலாமா? சேறு காஞ்சிருக்குமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எழுதி வைத்துவிட்டேன். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி. தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். இந்தக் கரையும், கரையை ஒட்டிய கழிகளும் (கடல் தண்ணீர் உள்ளே புகுந்து நிற்கும் ஓடைகள்) கண்மாய்களும்தான் இதில் வருகின்றன.

தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஊரில் சேறு எங்கிருந்து வந்தது?

வருஷத்து மழையில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்த்துவிடும் ஊர் இது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப் பெய்த தண்ணீர் ஓடிப்போக இங்கே சரிவு கிடையாது. நிலம் தட்டையாகக் கிடக்கிறது. உள்ளே கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிசல், கண்மாய்க்குள் களிமண், கரையோரம் உப்புச் சேறு. மூன்றுமே தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. மழை நின்று இரண்டு மாதம் கழித்தும் உள்ளே ஈரம் இருக்கும்.

அப்படியானால் எந்த மாதம் வரலாம்?

மார்கழியில் எங்கும் சகதி என்பது பார்த்தாலே தெரியும், அதனால் எல்லோரும் ஜாக்கிரதையாகவே நடப்பார்கள். தையில் நெல் அறுப்பு நடக்கும், காலை வெயில் இதமாக இருக்கும், பறவைகளும் இருக்கும். என்னைக் கேட்டால் தை பாதியில் இருந்து மாசி வரைதான். ஆனால் தை அமாவாசையன்று மட்டும் வேண்டாம். தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேஸ்வரம் எல்லாம் கூட்டத்தால் திணறும். பங்குனிதான் ஏமாற்றும் மாதம். மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே அல்வா மாதிரி இருக்கும். பங்குனி கடைசியில் வெயிலும் ஏறிவிடும். காலை 9 மணிக்கு மேல் நிழல் தேடுவீர்கள், கிடைக்காது.

வெளிநாட்டில் சேற்றுக்காலத்தில் மலைப்பாதைக்கே வராதே என்கிறார்களாமே? நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா?

அவர்கள் அப்படிச் சொல்வது உண்மைதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பனி உருகும் வசந்த காலத்துக்குச் சேற்றுப் பருவம் என்றே பெயர். மே மாதக் கடைசி வரை உயரமான மலைப்பாதைகளுக்கு வராதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். அடியில் நிலம் உறைந்து கிடப்பதால் உருகிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேல்மண் கூழாகிவிடும். அதில் ஆயிரம் பேர் நடந்தால் பாதை வாய்க்காலாகிவிடும், மழையில் மண் அரித்துப் போய்விடும்.

இங்கே பனியும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் ஈர மண்ணில் கால் பட்டால் என்ன ஆகும் என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். வித்தியாசம், இங்கே நீங்கள் மிதிக்கிற பாதை பெரும்பாலும் நடைப்பயணத்துக்காகப் போட்ட பாதை இல்லை. அது ஒருவருடைய வரப்பு, ஒரு ஊரின் கண்மாய்க் கரை, வலை காயவைக்கும் இடம். மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்திருந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், அது போதும்.

பாதை நடுவில் சேறு இருந்தால் ஓரமாகச் சுற்றிப் போவதுதானே நல்லது?

இல்லை. இதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், நல்ல எண்ணத்தோடு.

தனுஷ்கோடிப் பக்கம் மணல்மேட்டு ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். தடத்தின் நடுவே கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியிருக்கும். முதல் ஆள் செருப்பு நனையக்கூடாது என்று இடது பக்கம் ஏறுகிறார். அடுத்தவர் அவர் தடத்திலேயே போகிறார், அதுவும் கூழாகிறது. அதற்கடுத்தவர் இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஒரு மாதத்தில் இரண்டடித் தடம் இருபதடி ஆகிவிடும். அந்த ஓரத்தில் என்ன இருந்தது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் இருந்தன. ராவணன் மீசை என்பது கையில் குத்தும் அந்த முரட்டுப் புல்தான். பார்க்க ஒன்றுக்கும் உதவாத மாதிரி இருக்கும். வாடைக்காற்றில் மணல் பறந்து போகாமல் பிடித்து வைத்திருப்பது இந்த இரண்டும்தான். கொடி போனால் மணல் இளகும், மணல் இளகினால் மேடு கரையும். 1964 டிசம்பர் புயலில் ஒரு ஊரையே கடலுக்குக் கொடுத்த கரை இது. மிச்சமிருக்கும் மேட்டையும் செருப்பு நனையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மிதித்துக் கரைக்க வேண்டுமா?

ஆகவே நடுவிலேயே போங்கள், சேற்றிலேயே கால் வையுங்கள், ஒருவர் பின்னால் ஒருவராக. கால் அழுக்காகக் கூடாது என்றால் ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தைச் சுற்றி வாருங்கள். அதுவும் நல்ல நடைதான், நனையாது.

முழங்கால் அளவு சேறு என்றால் அது வேறு. அப்போது சுற்றவும் வேண்டாம், தாண்டவும் வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

கண்மாய்க் கரையில் நடக்கலாமா?

நடக்கலாம், கரையின் உச்சியில் மட்டும். உள்சரிவிலும் வெளிச்சரிவிலும் ஏறி இறங்கக் கூடாது. பைக் வேண்டவே வேண்டாம்.

காரணம் இருக்கிறது. கரை ஈரமாக இருக்கும்போது ஒரு பைக் போனால் சக்கரத் தடம் நான்கு விரல் ஆழத்துக்கு விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தில்தான் ஓடும், தடம் ஓடையாகும், ஓடை கரையை அறுக்கும். கரை உடைந்தால் அந்த ஊருக்கு அந்த வருஷத்துத் தண்ணீர் போச்சு. மழைக்காலத்தில் ராத்திரி டார்ச்சும் மணல் மூட்டையுமாகக் கரையில் ஆள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரு மூச்சில் நாரையே பறந்து கடக்க முடியாத அளவு பெரிசாம். அவ்வளவு பெரிய கண்மாயையும் தாங்கி நிற்பது மண் கரைதான்.

கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கல்கட்டுதான் கலுங்கு. அதில் தண்ணீர் வழிந்து ஓடினால் கடக்காதீர்கள். கணுக்கால் அளவுதானே என்று தோன்றும். பாசி பிடித்த கல்லில் கணுக்கால் தண்ணீரே போதும், ஆளைக் கவிழ்த்துவிடும்.

வயலுக்குள் வரப்பில் போக வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். ஈர வரப்பு ஓரம் இடிந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும், அப்புறம் இரண்டு வீட்டுக்கும் சண்டை. மாசியில் முண்டு மிளகாய்ப் பழம் பறித்துத் தரையிலேயே பரப்பிக் காயவைத்திருப்பார்கள். செக்கச்செவேல் என்று இருக்கும், போட்டோவுக்கு நன்றாகவும் இருக்கும். சேற்றுக் காலோடு அதன் ஓரத்தில்கூட நிற்காதீர்கள்.

எது கெட்டி நிலம், எது உளை என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நான் கற்றுக்கொண்ட விதம் மட்டும் கொஞ்சம் கேவலமானது.

வாலிநோக்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கழி ஓரம், பங்குனி முதல் வாரம். தரை வெள்ளை வெளேர் என்று உப்புப் பூத்து, அப்பளம் மாதிரி சின்னச் சின்ன ஓடுகளாக வெடித்து, ஓரங்கள் மேலே சுருண்டிருந்தன. மிதித்தால் மொறுமொறுவென்று சத்தம். சத்தம் வருகிறதே, காய்ந்துதான் இருக்கிறது என்று தைரியமாக நடந்தேன். பத்து அடி போனதும் மொறுமொறுப்பு நின்று "சொளக்" என்றது. வலது கால் முழங்கால் வரை உள்ளே. வெளியே வெள்ளை, உள்ளே மை மாதிரி கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். இழுக்க இழுக்க இடது காலும் இறங்கியது. தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "தம்பி, ஆட்டம் போடாதப்பா, பின்னால சாஞ்சு உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். கம்பை நீட்டினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கும்.

அன்று அவர் சொன்னதைத்தான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்கிறேன்: "ஆட்டுக் குளம்பு பதிஞ்ச வழியா போ. ஆடு போகாத இடத்துக்கு உனக்கு என்ன வேலை?" அதோடு நான் சேர்த்துக்கொண்டவை சில. பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னும் சேறு இளகல். உப்பு பூத்த இடத்தில் புல் பூண்டு எதுவுமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். உமரிச் செடி நெருக்கமாக இருக்கும் இடம் பெரும்பாலும் தாங்கும், ஆனால் அதையும் மிதித்து அழிக்கக் கூடாது, இடைவெளியில் கால் வையுங்கள். கையில் ஒரு கம்பு எப்போதும் இருக்கட்டும். முதலில் கம்பு, அப்புறம் கால்.

கால் புதைந்துவிட்டால் என்ன செய்வது?

மேலே சொன்னதுதான். பதறி இழுக்காதீர்கள். பையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு, பின்பக்கம் சாய்ந்து உட்காருங்கள், தேவைப்பட்டால் படுத்தே விடுங்கள். உடம்பின் எடை பரவினால் மேலும் இறங்காது. பிறகு புதைந்த காலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பக்கத்தில் தண்ணீர் இறங்கி இடம் இளகும். ஒவ்வொரு காலாக எடுத்து, தவழ்ந்து வந்த வழிக்கே வாருங்கள். கூட வந்தவர் அருகில் வரக் கூடாது. அவர் கம்போ துண்டோ நீட்டினால் போதும். சட்டையும் பேண்ட்டும் பாழாகும், ஆகட்டும்.

காலில் என்ன போடுவது?

பின்பட்டை வைத்த, இறுக்கிக் கட்டும் செருப்பு, அடிப்பாகம் தடிமனாக. இல்லையென்றால் கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ. ரப்பர் செருப்பு முதல் சேற்றிலேயே பிய்ந்துவிடும். கம்பூட் வாங்கி வருகிறார்கள் சிலர். அதற்குள் சேறும் தண்ணீரும் புகுந்தால் கால் மட்டும் வெளியே வரும், பூட் அங்கேயே நிற்கும்.

ஊர்க்காரர்கள் வெறுங்காலில்தானே போகிறார்கள் என்பீர்கள். அவர்களுக்கு முள் எங்கே கிடக்கும் என்று தெரியும். இங்கே சேற்றில் பாதிக்குப் பாதி சீமைக்கருவேல முள். விறகு வெட்டிய இடத்தில் கிளை மட்கிப் போனாலும் முள் மட்கியிருக்காது, சேற்றுக்குள் நிமிர்ந்து நிற்கும், மெல்லிய செருப்பைத் தாண்டி ஏறும். முள் குத்தினால் எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆனது என்று ஞாபகமில்லையா? திரும்பும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கடல் தண்ணீர் திடீரென்று ஏறுமா?

பாக் நீரிணைப் பக்கம், அதாவது எங்கள் ஊரில் பெண்கடல் என்கிறோமே அந்தப் பக்கம், ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்குள்தான். அதைக் கேட்டு அசட்டையாக இருந்துவிடாதீர்கள். நிலம் தட்டையாக இருப்பதால் ஒரு சாண் ஏறினாலும் தண்ணீர் நெடுந்தூரம் பரவிவிடும். வாடை அடிக்கும் மாதங்களில் காற்றே தண்ணீரைத் தள்ளிக் கொண்டுவந்து மேட்டில் விடும். காலையில் நடந்து போன சேற்றுத் திட்டு மதியம் திரும்பும்போது தண்ணீருக்கடியில் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். செயலியில் பார்ப்பதோடு நிறுத்தாமல், கரையில் வலை தைத்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, வத்தம் எப்போ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முழங்கால் தண்ணீரில் போக நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும். கால் தேயும் அதிர்வில் விலகிப் போய்விடும், மேலேயே மிதித்தால் வாலால் அடிக்கும்.

அலையாத்திக் காட்டுக்குள் நடக்கலாமா?

வேண்டாம். அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றில் இருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஒரு தடவை குறுக்கே நடந்தாலே நூற்றுக்கணக்கில் ஒடியும். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. உட்கார்ந்தபடியே காட்டுக்குள் போய் வரலாம். சேற்றில் தத்தித் தாவும் மீனையும், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும் சின்ன நண்டையும் பக்கத்தில் பார்க்கலாம்.

பூநாரைகளை எவ்வளவு கிட்டத்தில் பார்க்கலாம்?

மீட்டர் கணக்கு வேண்டாம், அவற்றின் தலையைப் பாருங்கள். பூநாரை தலைகீழாக அலகை நீரில் வைத்து மேயும். நாலைந்து ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகமாகக் கிட்டே வந்துவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள், இரண்டடி பின்னால் போங்கள். எல்லாம் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்தால் அடுத்து பறக்கப் போகின்றன என்று அர்த்தம். தூரத்தில் இருந்து வந்து இங்கே வயிறு நிரப்பிக்கொள்ளும் பறவையை, இறக்கை விரித்த படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டிப் பறக்கவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேச வேண்டியதைப் பேசியும் இருக்கிறேன், இங்கே எழுத முடியாது.

2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனால் வனத்துறை போகாதே என்றால் போகக் கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களும் சரணாலயங்கள்தான். அங்கே நாட்டுக் கருவேல மரங்களில் கூடு இருக்கும் நாட்களில் கரையில் இருந்து பார்ப்பதோடு சரி, தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் காலத்தில் கரையில் நடப்பது தப்பா?

பகலில் தப்பில்லை, ஈர மணலில் அலை ஓரமாக நடங்கள். மேல்பக்க உலர்மணலில்தான் ஆமை குழி தோண்டும். டிராக்டர் டயர் உருண்ட மாதிரி ஒரு தடம் கடலில் இருந்து ஏறி, மேலே போய் திரும்பியிருந்தால் அது ஆமைத் தடம். தடத்தைக் கலைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள், தடம் கலைந்தால் குழியைத் தேட முடியாது. ராத்திரி டார்ச்சோடு ஆமை தேடிப் போவதெல்லாம் வேண்டாம்.

காலைக் கழுவ எங்காவது தண்ணீர் கிடைக்குமா?

கடலில் கழுவுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் கையால் தோண்டிய சின்னக் குழிகளில் தெளிந்த தண்ணீர் ஊறி நிற்கும். குடித்துப் பார்த்தால் உப்பே இருக்காது. யாரோ நமக்காகத் தோண்டி வைத்த மாதிரிதான் தோன்றும். அங்கே குடியிருக்கும் பெண்கள் கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மோந்து குடத்தை நிரப்பும் ஊற்று அது. மேலே மிதக்கும் மழைத் தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர். கலக்கினால் இரண்டும் சேர்ந்துவிடும். நான் அழைத்துப் போன ஒருவர் அதில் ஷூவைக் கழுவிவிட்டார். குடத்தோடு வந்த அக்கா ஒன்றுமே சொல்லவில்லை, நாலடி தள்ளி உட்கார்ந்து புதிதாகத் தோண்ட ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜீப்பில் மணலில் போகலாமா?

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. அதைவிட்டு இறங்காதீர்கள். மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்கேற்ப காலையிலேயே கிளம்புங்கள். எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

சங்கு, பவளம், கடல் அட்டை கரையில் கிடந்தால் எடுக்கலாமா?

கூடாது. கடல் அட்டையும் பவளமும் கடல் குதிரையும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, செத்துக் கிடந்தாலும்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கரையில் இருந்து கிட்டத்தில் தெரிகிறதே என்று அனுமதியில்லாமல் போகக் கூடாது.

பாம்பு? காய்ச்சல்?

மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் நின்றால் பாம்பும் கரைமேட்டுக்குத்தான் ஏறும், உங்களைப் போலவே. கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள். கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம், காலை அசைக்காமல் 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடலில் ஏதாவது என்றால் கடலோரக் காவல் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். ஊருக்குத் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. சேற்றில் நடுவே நடங்கள் என்று பெரியவர்களிடம் பத்து தடவை சொல்ல வேண்டும், பிள்ளைகளிடம் சொல்லவே வேண்டாம். மாற்றுத்துணி இரண்டு செட், காரில் விரிக்கப் பழைய சாக்கு ஒன்று எடுத்து வாருங்கள்.